மலைமேல் வந்த 20 அங்குலத் தொலைநோக்கி

மார்கழியில் ஊருக்குப் போனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெயமங்கலத்து மொட்டை மாடியில் இருப்பேன். அந்த நேரத்தில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வடக்கே, வானத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிற்கும். அதுக்குக் கீழே கொடைக்கானல் மலை, மலை விளிம்பில் ஊர் விளக்குகள். நேரம் ஆக ஆக ஆண்ட்ரோமெடா வடமேற்கே சரிந்து அந்த மலைக்குப் பின்னாலேயே இறங்கும்.

சின்ன லென்ஸ் தொலைநோக்கி, பூமி சுழல்வதற்கு ஈடுகொடுத்துத் திரும்பும் மவுண்ட், ஒரு கேமரா, ஒரு லேப்டாப். இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் 60 படம். அவ்வளவையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்தம் இரண்டு மணி நேர வெளிச்சம். தனிப் படத்தில் மங்கலான ஒரு பஞ்சுத் துணுக்குதான் தெரியும். அடுக்கி முடித்த பிறகு தூசிப் பட்டைகள், சுருள் கைகள், பக்கத்தில் இரண்டு குட்டி கேலக்ஸிகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கணக்கு எளிதுதான்: நான்கு மடங்கு படம் எடுத்தால் இரைச்சல் பாதியாகும்.

பக்கத்துத் தோப்புக்கார மாமா ஒரு நாள் கேட்டார்: "ராப்பூரா முழிச்சு என்னத்த மாப்ள போட்டோ புடிக்கிற? இதுனால என்னா கெடைக்கப் போகுது?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கான பதிலைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. பாதிக் கதை எங்கள் மாடியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், அந்த மலை மேலேயே நடந்திருக்கிறது.

தொழில் ஒன்று, ஆசை ஒன்று

கேலக்ஸிகளைப் படம் பிடிக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமான இரண்டு பேர் அமெச்சூர்கள். ஆண்ட்ரூ காமன் இங்கிலாந்தில் சுகாதாரப் பொறியாளர். 1883ல் தன் 36 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். கண்ணால் பார்க்கும்போது தெரியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. கண்ணால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் முதல் நொடியில் தெரிந்ததுக்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது. போட்டோ பிளேட் அப்படி இல்லை, உண்டியல் மாதிரி. விழுகிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதை உலகத்துக்கு நிரூபித்த படம் அது.

அடுத்தவர் ஐசக் ராபர்ட்ஸ். வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்தவர். 1885ல் டப்ளினில் இருந்த ஹோவர்ட் கிரப்பிடம் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று செய்யச் சொல்லி வாங்கினார். 1888ல் அதை வைத்து ஆண்ட்ரோமெடாவை மணிக்கணக்கில் எக்ஸ்போஸ் செய்தார். அதுவரை மங்கலான முட்டை வடிவமாகத் தெரிந்த ஒன்று, சுருண்டு கிடக்கும் கைகளோடு படத்தில் வந்தது.

ராபர்ட்ஸ் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். வாயு மேகம் சுருங்கி ஒரு புதுச் சூரியக் குடும்பம் பிறக்கிறது என்று நினைத்தார். பல்லாயிரம் கோடி நட்சத்திரங்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது ஒரே ஒரு சூரியனின் பிரசவம் என்று நம்பினார். அவர் மட்டும் இல்லை, அன்றைக்குப் பெரிய பெரிய வானியலாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனாலும் பிளேட் இருந்தது. விளக்கம் பின்னாடி மாறலாம், பதிவு மாறாது.

தாது வருஷமும் சூரியனும்

இப்போது நம்ம மலைக்கு வருவோம். 1876-78ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகின்றன. மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதோ என்று நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும் 1877ல் எழுதினார்கள். சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்ததுக்குப் பின்னால் இருந்த பெரிய உந்துதல் இதுதான். 1893ல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு பரிந்துரைத்தது, 1899ல் சென்னை வான் ஆய்வகத்து வேலை மலைக்கு மாறியது.

அன்றைக்கு மோட்டார் ரோடு கிடையாது, அது 1910களின் நடுவில்தான் வந்தது. அதுவரை கொடைக்கானலுக்கு வழக்கமான பாதை எங்கள் பக்கம்தான்: கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரைக்கும் மாட்டு வண்டி. அங்கிருந்து மட்டக்குதிரை, டோலி, தலைச்சுமை.

மேலே என்ன நடந்தது? 1904லிருந்து சூரியனைத் தினசரி படம் எடுத்தார்கள். 1909ல் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். இந்த எவர்ஷெட்டும் இந்தியா வருவதற்கு முன்னால் லண்டன் கம்பெனி ஒன்றில் ரசாயனப் பரிசோதனை வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் சூரியனை ஆராய்ந்த அமெச்சூர்தான்.

1912

பூனாவில் பாவ்நகர் மகாராஜாவின் உதவியோடு அமைந்த ஒரு வான் ஆய்வகம் இருந்தது. நடத்தியவர் கே.டி. நேகம்வாலா. அங்கே இருந்தது கிரப் நிறுவனத்தின் தொலைநோக்கி, 20 அங்குலம். ராபர்ட்ஸ் வைத்திருந்த அதே அளவு, அதே பட்டறை. அன்றைக்கு இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான். 1912ல் நேகம்வாலா ஓய்வு பெற்றதும் ஆய்வகத்தை மூடிவிட்டுக் கருவிகளைக் கொடைக்கானலுக்கு அனுப்பினார்கள்.

அதே 1912ல் ஹென்ரியட்டா லீவிட் ஒரு வகைத் துடிக்கும் நட்சத்திரங்களின் துடிப்பு வேகத்திலிருந்து அவற்றின் உண்மையான ஒளியைக் கணக்கிடும் விதியை வெளியிட்டார். அதே 1912ல் அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர், 24 அங்குல லென்ஸ் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவின் வேகத்தை அளந்தார்: நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர், நம்மை நோக்கி. காமனின் பழைய 36 அங்குலம் 1895லேயே கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குப் போய், சுருள் நெபுலாக்களை வரிசையாகப் படம் எடுத்துக் குவித்திருந்தது. 1923 அக்டோபரில் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவுக்குள்ளேயே துடிக்கும் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தார். லீவிட்டின் விதியைப் போட்டுப் பார்த்தால் தூரம் 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. இன்றைய கணக்கில் 25 லட்சம். எப்படிப் பார்த்தாலும் அது நம்ம பால்வீதிக்கு வெளியே இருக்கும் வேறொரு கேலக்ஸி.

இத்தனையும் நடந்தபோது நம்ம மலைமேல் இருந்த 20 அங்குலம் வானத்தைப் பார்க்கவே இல்லை. அதை நிறுவி இயக்கியது 1951ல்தான். ஏறக்குறைய 40 வருஷம்!

அது மட்டும் ஓடியிருந்தால் ஹப்பிளை முந்தியிருப்போம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது 100 அங்குலம். கொடைக்கானலில் மழை மேகமும் அதிகம். நட்சத்திரங்களுக்கு வேறு இடம் வேணும்னுதான் வைணு பாப்பு பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார், 1968ல் அங்கே வேலை தொடங்கியது. மலைமேல் இருந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த அந்தச் சூரியப் படங்களை இன்றைக்கு டிஜிட்டலாக்கி உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் கனவு பலிக்கவில்லை. ஆனால் அந்தக் கனவுக்காக எடுத்த படங்கள் வேறு ஆராய்ச்சிக்குப் பொக்கிஷமாகிவிட்டன. இங்கேயும் ராபர்ட்ஸ் கதைதான்: விளக்கம் போனது, பதிவு நின்றது.

என் கணக்கில் விஷயம் இதுதான். அரசாங்க ஆய்வகத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, பஞ்சம் என்ற நியாயமான காரணம் கிடைத்தது. அந்தக் காரணத்துக்குள் அடங்காத கருவி சும்மா கிடந்தது. லிவர்பூல் கட்டடக்காரர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆசைப்பட்டார், சொந்தக் காசில் வாங்கினார், ராத்திரி திருப்பினார். அமெச்சூரின் பலம் கருவியில் இல்லை, இந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ராபர்ட்ஸிடம் இருந்த காசு எல்லாரிடமும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு பழைய டிஜிட்டல் கேமராவுக்கே அன்றைய பிளேட்டைவிட ஒளியுணர்வு பல மடங்கு அதிகம்.

2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊரில் விக்டர் பூசோ என்ற பூட்டுத் தொழிலாளி, புது கேமராவைச் சோதிக்க ஏதோ ஒரு கேலக்ஸியைப் பார்ப்போம்னு என்ஜிசி 613 பக்கம் திருப்பினார். சுமார் 8 கோடி ஒளியாண்டு தூரம். அவர் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு நட்சத்திரம் வெடித்து முதல் வெளிச்சம் வந்தது. எந்தப் பெரிய ஆய்வகமும் குறி வைத்துப் பிடிக்க முடியாத நேரம் அது. 2018ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

நம்ம ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பத்து டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு வானமும் நமக்குத் தெரியும். சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி, குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட பந்து மாதிரி இருக்கும். லிவர்பூலில் அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. ராபர்ட்ஸ் தன் தோட்டத்திலிருந்து அதைப் பார்த்திருக்கவே முடியாது. சித்திரையில் நடுராத்திரிக்கு எங்கள் மாடிக்குத் தெற்கே அது உச்சத்துக்கு வரும்.

குறுக்கே நிற்பது மாமா தோப்பு வாசலில் புதுசாகப் போட்டிருக்கும் எல்இடி விளக்கு. போன வருஷம் எடுத்த படம் பூரா வெள்ளையடித்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவருக்கு ஆண்ட்ரோமெடா படத்தைக் காட்டி, பெரியகுளம் வழியாகப் போன பெட்டிகளின் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாப்பது வருசமா பிரிக்காமயா வச்சிருந்தானுக?"ன்னு கேட்டார். சித்திரையில் நாலு நாள், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விளக்கை அணைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.