மலைப்பாதை சைக்கிள் பயணத்துக்கு எந்த கேமரா ஏற்றது? ஆழக் கணக்கு மட்டும் போதாது

பாலக்காடு/இடுக்கி: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள மலைப்பாதைகளில் சைக்கிள் பயணம் மேற்கொள்வோர், உடன் எடுத்துச் செல்லும் கேமராவைத் தேர்வு செய்யும்போது அது எத்தனை மீட்டர் ஆழத்துக்கு நீர் புகாதது என்பதையே முதலில் பார்க்கின்றனர். ஆனால், இப்பாதைகளில் கேமராவைப் பழுதாக்கக்கூடியவை ஆழமான நீர் அல்ல. மூடுபனி, புழுதி, சேறு, வேகத்தில் நேரும் வீழ்ச்சி ஆகியவையே முக்கியக் காரணங்கள் ஆகும்.

ஒரே நாளில் இருவேறு பருவங்கள்

நெம்மாராவிலிருந்து போத்துண்டி அணை வழியாக நெல்லியாம்பதிக்குச் செல்லும் பாதையும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்குச் செல்லும் பாதையும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக பூப்பாறைக்கு ஏறும் பாதையும் இப்பகுதியில் குறிப்பிடத்தக்கவை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைக்கும் அதே காலத்தில், மழை மறைவுப் பகுதியான சின்னாறு பெரும்பாலும் வறண்டே காணப்படும். எனவே, காலையில் புழுதியிலும் மாலையில் சாரலிலும் ஒரே கேமரா இயங்க வேண்டியுள்ளது.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தின் ஈரமான வெப்பக் காற்றில் பேட்டரி மூடியைத் திறந்து மூடினால், அந்த ஈரப்பதம் கேமராவுக்குள் அடைபடும். மேலே சென்றதும் அது குளிர்ந்து லென்ஸின் உட்புறத்தில் நீர்த்திவலையாகப் படியும். துணியால் துடைத்து இதனை அகற்ற இயலாது. ஆகவே, பேட்டரியையும் மெமரி கார்டையும் புறப்படுவதற்கு முன்பே உலர்ந்த அறையில் பொருத்திக்கொள்வது நல்லது. லென்ஸின் முன்புறம் இரட்டைக் கண்ணாடி அமைப்பு கொண்ட கேமராக்களில் இச்சிக்கல் குறைவு.

ஐ.பி. குறியீடு கூறுவது என்ன?

தூசி, நீர் ஆகியவற்றிலிருந்து ஒரு கருவிக்கு உள்ள பாதுகாப்பை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 எனும் தரநிலை வரையறுக்கிறது. ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது இலக்கம் நீரையும் குறிக்கும். தூசிக்கு 6 என்பதே உச்ச நிலை. நீருக்கான 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் தாங்கும் திறன் ஆகும். 8 என்பது அதனினும் கடுமையான, உற்பத்தியாளர் குறிப்பிடும் நிபந்தனைகளின் கீழ் தாங்கும் திறன் ஆகும்.

நீருக்கான இலக்கம் 7 அல்லது 8 என்றிருப்பதால் மட்டுமே ஒரு கருவி பீய்ச்சியடிக்கப்படும் நீரையும் தாங்கும் என்று கொள்ள இயலாது. அதற்கு 5, 6 ஆகிய தனி நிலைகள் உள்ளன. பயணம் முடிந்ததும் சைக்கிளை வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் கழுவும்போது, சேறு படிந்த கேமராவையும் அதே குழாயின் முன் நீட்டுவது தவறு. வாளியில் உள்ள நன்னீரில் அலசுவதே பாதுகாப்பானது.

வீழ்ச்சியைத் தாங்குமா?

இவ்வகை கேமராக்கள் பொதுவாக 1.6 முதல் 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என விளம்பரப்படுத்தப்படுகின்றன. இது கையிலிருந்து நழுவி விழுவதற்கான கணக்கு. 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 23 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிளிலிருந்து கேமரா நேராகப் பாறையில் மோதினால், அது சுமார் 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். எனவே, 'அதிர்ச்சி தாங்கும்' என்ற அறிவிப்பை வேகமான இறக்கத்துக்கான உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது.

வெளியே நீளும் லென்ஸைவிட, உடலுக்குள்ளேயே இயங்கும் லென்ஸ் கொண்ட கேமராவே பொருத்தமானது. நீளும் குழாயின் இடுக்கில் மணல் புகுந்தால் லென்ஸ் இயங்காமல் நின்றுவிடும்.

சந்தையில் உள்ளவை

ஒலிம்பஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட மியூ 720 எஸ்.டபிள்யூ. கேமரா 3 மீட்டர் ஆழத்தையும் 1.5 மீட்டர் வீழ்ச்சியையும் தாங்குவதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நிறுவனங்களிடையே ஆழப் போட்டி மூண்டது. 2017-இல் வந்த நிகான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 கேமராவுக்கு 30 மீட்டரும், 2018-இல் வந்த பானசோனிக் எஃப்.டி.7 கேமராவுக்கு 31 மீட்டரும் குறிப்பிடப்பட்டன. முக்குளிப்போருக்குப் பயன்படும் இந்த ஆழம், சைக்கிள் பயணிக்குத் தேவைப்படுவதில்லை.

2023-இல் அறிமுகமான ஓ.எம். சிஸ்டம் டி.ஜி-7 கேமரா 12 மெகாபிக்சல் சென்சார், 15 மீட்டர் நீர்த்தாங்கு திறன், 2.1 மீட்டர் வீழ்ச்சித் தாங்குதிறன், 100 கிலோ அழுத்தம் தாங்கும் உடல் ஆகியவற்றைக் கொண்டது. இதன் எடை சுமார் 250 கிராம். எஃப்2.0 லென்ஸ், சோலைக்காட்டின் குறைந்த ஒளியில் உதவும். யு.எஸ்.பி-சி வழியாகப் பவர் பேங்க் மூலம் சார்ஜ் செய்யலாம். அதே ஆண்டில் வெளியான பென்டாக்ஸ் டபிள்யூ.ஜி-90 கேமரா 16 மெகாபிக்சல், 14 மீட்டர், 1.6 மீட்டர் என்ற அளவுகளில் அமைந்துள்ளது. இவை அனைத்தின் சென்சார்களும் சிறியவை என்பதால், மெகாபிக்சல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் படத்தின் தரத்தை மதிப்பிட இயலாது.

பயன்படுத்தப்பட்ட பழைய கேமராவை வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மூடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகித் தளர்வதால், அதனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுமாறு ஒலிம்பஸ் பரிந்துரைத்துள்ளது. ரப்பரில் ஒட்டிய ஒரு முடியோ மணல் துகளோ நீர் புக வழி ஏற்படுத்தும். எனவே, உதிரிபாகமும் பழுதுநீக்கும் வசதியும் இந்தியாவில் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்வது அவசியம்.

செல்போன் போதாதா?

தற்போதைய உயர்விலை செல்போன்கள் பலவும் ஐ.பி.68 பாதுகாப்புடன் வருகின்றன. எனினும், இயந்திர அதிர்வுகள் செல்போன் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைப் பாதிக்கக்கூடும் என மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரை ஆப்பிள் நிறுவனம் 2021-இல் எச்சரித்தது. அதனினும் முக்கியமானது, விபத்து நேர்ந்தால் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கச் செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதே. சிக்னல் குறைந்த மலைப்பகுதியில் செல்போனின் பேட்டரி விரைவாகத் தீரும். தனி கேமரா வைத்திருப்பதன் முதன்மையான பயன் இதுவே.

ஓடும்போது காணொளி மட்டும் எடுக்க விரும்புவோருக்கு கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா ஏற்றது. ஆனால், தொலைவில் நிற்கும் வரையாட்டைப் படமெடுக்க அதன் அகன்ற கோணம் உதவாது.

எங்கே வைப்பது?

கேமராவை நடு மார்பிலோ, முதுகெலும்பை ஒட்டியோ கட்டிக்கொண்டால், விழும்போது அதுவே காயத்தை உண்டாக்கும். முதுகுப்பையின் தோள்பட்டை வாரில் மெத்தையுடன் கூடிய உறையிலோ, சைக்கிளின் மேல்குழாய்ப் பையிலோ வைக்கலாம். கழுத்தில் தொங்கவிடக் கூடாது. கையுறையுடன் அழுத்தக்கூடிய பொத்தான்கள் உள்ளனவா என்பதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

வனவிலங்கு சரணாலயத்துக்குள் படமெடுப்பதற்காக நுழைய, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின் கீழ் அனுமதி வழங்கப்படுகிறது. எனவே, பொதுச்சாலையை விட்டு விலகும் முன் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். யானைகள் நடமாடும் பாதைகளில் படத்துக்காகச் சைக்கிளை நிறுத்துவதும், ஃபிளாஷ் ஒளியைப் பயன்படுத்துவதும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.