கோல் யார் கையில்?

மந்திரம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது பெரும்பாலும் ஓர் ஆணின் உருவம்: தாடி வைத்த முனிவர், உடுக்கை அடிக்கும் பூசாரி, ஏடு புரட்டும் மந்திரவாதி. மந்திரத்தோடு பெண்ணைச் சேர்த்துச் சொல்ல நம்மிடம் எளிதில் வந்துவிழும் சொல் சூனியக்காரி. இந்த இரண்டுக்கும் நடுவே தமிழ் இலக்கியம் வேறொரு பெண்ணை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. அவள் கையில் ஏடு கிடையாது. ஒரு சிறு கோலோ, முறமோ, பாத்திரமோ இருக்கிறது. அவள் வாக்குக்கு மற்றவர்கள் காது கொடுப்பது அந்தப் பொருள் அவள் கையில் இருப்பதால்தான். அந்தப் பொருள்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதையே இங்கே பின்தொடர்கிறேன்.

மந்திரம் வேறு, மந்திரப் பொருள் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவான விதிகளாக எழுதி வைத்தது ஒரு விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். வென்றார்களா தோற்றார்களா என்பதைப் பகடை சொல்லும். அந்த உலகில் மந்திரம் என்பது கற்று வர வேண்டிய கல்வி. அதற்கென்று தனி வகுப்பினர் உண்டு, ஏடு உண்டு, படிப்படியான தகுதி உண்டு. மந்திரக்கோலோ மோதிரமோ அப்படியல்ல. யாரோ ஒருவர் செய்துவைத்த மந்திரம் அதற்குள் உறங்குகிறது. கையில் வைத்திருப்பவர் அதை எழுப்பினால் போதும். பல கோல்களுக்கு எண்ணிக்கையும் உண்டு. இத்தனை முறைதான் வேலை செய்யும் என்று கணக்கிட்டிருப்பார்கள். தீர்ந்தபின் அது வெறும் குச்சி.

கற்காதவர் கைக்கும் ஆற்றல் வந்துவிடும் என்பதால் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. யார் தொடலாம்? தொடக்ககால விதிகள் பெரும்பாலான கோல்களை மந்திரம் கற்ற வகுப்பாருக்கே ஒதுக்கின. 1978இல் வந்த விதிநூல் இன்னொரு வரம்பையும் எழுதிவைத்தது: பெண் பாத்திரத்தின் உடல்வலு ஆண் பாத்திரத்தின் உச்சத்தை எட்டக் கூடாது. டிராகன்கள் பறக்கும் கற்பனை உலகிலும் பெண்ணின் தோள்வலிமைக்குக் கூரை போட்டார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ‘மந்திரக் கருவியைக் கையாளுதல்’ ஒரு தனித் திறமையாகவே இடம்பெற்றது. மந்திரம் படிக்காத திருடரும் பாணரும் தகுதி உள்ளவர்போல் நடித்து, ஊகித்து, கோலை இயக்கிப் பார்க்கலாம். அங்கும் பகடை தவறினால் கோல் அசையாது.

அந்தத் திறமையை நம் பெண்கள் எப்போதோ கைக்கொண்டிருந்தார்கள். குறுந்தொகையில் அகவன்மகள் வருகிறாள். பாடிக் குறி சொல்பவள். முனை வெளுத்த சிறு கோலை ஏந்தி வந்து பிடி யானையைப் பரிசாகப் பெறும் அகவன்மகளிரைப் பரணர் பாட்டில் (298) பார்க்கிறோம். ஔவையார் பாட்டில் (23) அவள் இன்னும் முக்கியமான வேலையைச் செய்கிறாள். தலைவி மெலிகிறாள்; காரணம் அறியத் தாய் குறி கேட்கிறாள்; அகவன்மகள் பாட்டில் ஒரு மலையின் பெயர் வந்துபோகிறது. உடனே தோழி, அந்த மலையை இன்னொரு முறை பாடு என்கிறாள். அது தலைவனின் மலை. நேராகச் சொல்ல முடியாத காதல், குறி சொல்பவளின் பாட்டு வழியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எழுதியவர் பெண், பாடுபவள் பெண், அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்பவளும் பெண்.

இதே நோய்க்கு வேலனை அழைத்தால் என்ன ஆகிறது? அவன் கழங்கு உருட்டிப் பார்த்து, முருகு அணங்கியது என்பான். களம் அமைத்து, ஆடு அறுத்து, வெறியாடுவான். கையில் வேல், பின்னால் தெய்வம், முன்னால் பலி. எல்லாம் இருந்தும் உண்மை அவனுக்குத் தெரிவதில்லை. இந்தச் சடங்கைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர்பெற்ற பெண் புலவர் ஒருவர் இருந்தார். அகநானூற்றின் 22ஆம் பாட்டில் அவர் படைத்த தலைவி, வேலன் ஆடி முடித்த இரவில் தலைவனைச் சந்தித்துவிட்டு, நோய் தீர்ந்ததற்கான பெருமை வேலனுக்குப் போவதை நினைத்துச் சிரிக்கிறாள். அதிகாரம் பெற்ற கருவி தவறான விடை சொல்லும்போது அதைக் கேட்டுச் சிரிக்கும் உரிமையைக் காமக்கண்ணியார் பெண்ணுக்குத் தந்தார்.

வேலனின் வேலுக்கு எதிரே பெண்கள் வைத்திருந்தது நெல். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நாழியில் நெல்லும் முல்லைப்பூவும் கொண்டு ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்க நிற்கிறார்கள். பிற்காலத்தில் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி சுளகில் சில நெல்லை எடுத்து வீசி, உடல் சிலிர்த்து, கையை முகர்ந்து, பெண்ணின் நோய்க்குக் காரணமானவன் யார் என்று சொல்கிறாள். சுளகும் நெல்லும் எந்த வீட்டு அடுக்களையிலும் இருப்பவை. தீட்சை பெறாமல், குருவின் முன் நிற்காமல், வாசலில் நின்று தடுப்பார் யாருமில்லாமல் எடுக்கக்கூடிய கருவிகள் அவை. மந்திரம் கற்கும் வாசல்கள் பெண்ணுக்கு மூடியிருந்த காலத்தில், புடைக்கும் முறமே அவளுக்கு வாசலாயிற்று.

மந்திரமும் மந்திரப் பொருளும் ஒரே பெண்ணிடம் சேர்ந்த கதை மணிமேகலை. மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது. வேற்றுரு கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியை வெல்ல ஒன்று. அதன்பின் தீவதிலகை வழிகாட்ட, கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. விளையாட்டின் மந்திரக்கோலைப் போல அமுதசுரபிக்கு எண்ணிக்கை கிடையாது. ஆனால் பசித்தவர் முன்னால் நின்றால்தான் அதற்குப் பொருள். ஆபுத்திரன் அதை வைத்திருந்தபோது நாட்டில் மழை பெய்து பசித்தவரே இல்லாமல் போக, பாத்திரம் பயனற்றுப் போனது. அவன் அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் நீத்தான்.

மணிமேகலை எதை எப்போது பயன்படுத்தினாள் என்று பாருங்கள். பாத்திரத்தில் முதல் பிச்சை ஆதிரை இட்டாள். அதன்பின் அது ஊருக்குச் சோறு போட்டது. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தது. சிறைக்கூடத்தையே அறக்கோட்டம் ஆக்கியது. உதயகுமாரன் கொலையுண்டபின் அரசி இராசமாதேவி மணிமேகலையைத் தன் காவலில் வைத்து வதைக்கிறாள். அவள் கற்பைக் கெடுக்க ஓர் இளைஞனை ஏவுகிறாள். உணவு தராமல் அடைத்து வைக்கிறாள். அங்கே மணிமேகலையைக் காப்பாற்றியவை மந்திரங்கள். இளைஞன் முன் ஆண் உருவம் கொண்டாள். பசியை வெல்லும் மந்திரத்தால் உயிர் தரித்தாள். பொருள் மற்றவர்களுக்கு உதவியது. அவளுக்கே ஆபத்து வந்தபோது துணை நின்றது நாவில் இருந்த கல்வி.

கையில் இருப்பதை யாரும் பறிக்கலாம். மணிமேகலை மாதவியின் மகள், கணிகையர் குலத்தில் பிறந்தவள். பாட்டி சித்திராபதிக்கு அந்தப் பிச்சைப் பாத்திரம் கண்ணில் உறுத்துகிறது. அதைப் பறித்துவிட்டு அவளை இளவரசனின் தேரில் ஏற்றிவிட வேண்டும் என்று சூளுரைக்கிறாள். கலை வளர்த்த குலத்துப் பெண் எந்தப் பொருளை ஏந்தலாம் என்பதை மற்றவர்கள் முடிவுசெய்யும் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

அந்தக் கதை எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் குறவஞ்சி நாடகங்கள் செழித்தபோது, பழைய அகவன்மகளின் சிறு கோல் குறத்தியின் மாத்திரைக்கோலாக மீண்டும் வந்தது. இடுப்பில் கூடை, கையில் கோல். காதல் நோயில் வாடும் உயர்குலத் தலைவியின் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், பெற்று வந்த அணிகளைப் பார்த்துச் சிங்கன் சந்தேகக் கேள்விகள் கேட்க, ஒவ்வொன்றும் குறி சொல்லிப் பெற்ற ஊதியம் என்று சிங்கி விடை சொல்கிறாள். மாத்திரைக்கோல் அவளுக்குப் பிழைப்புக் கருவி. பெண் சம்பாதித்தால் கணக்குக் கேட்கும் ஆணும் கூடவே வந்துவிடுகிறான்.

மேடைக்கு வெளியே அந்தக் கோலை உண்மையாகவே ஏந்தியவர்களின் நிலை வேறு. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஊர் ஊராகப் போவது குறி சொல்பவளின் தொழில். அந்த அலைச்சலையே சட்டம் குற்றத்தின் அடையாளமாகப் படித்தது. நாடகத்துக் குறத்திக்குப் பொன் சிலம்பு கிடைத்தது. தெருவில் வந்த குறத்தியின் வீட்டாருக்குக் காவல் நிலையத்தில் கைரேகை கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் விராலிமலை முருகன் கோயிலைச் சார்ந்த பெண்களே விராலிமலைக் குறவஞ்சியை ஆடினார்கள். அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் கோயில் பணிக்கு வந்தவர். முப்பத்திரண்டு பெண்களில் ஒருவராக, நாளும் மலைப்படிகளில் ஏறிப் பாடியும் ஆடியும் பணி செய்தவர். 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் முறையைத் தடைசெய்தது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கோயில் பணி முடிந்தது. அதனோடு பிணைந்திருந்த வாழ்வாதாரமும் போயிற்று.

அந்தச் சட்டத்துக்காக இருபதாண்டுகள் முன்னின்று போராடிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் புதுக்கோட்டையில்தான், 1886இல். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தக் குலத்தில் பிறந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார். மணிமேகலையின் மொழியில் சொன்னால், அவருக்கு மந்திரம் கிடைத்துவிட்டது. யாரும் பறிக்க முடியாத கல்வி. சிறுமிகளின் உடல்மீது நடந்த சுரண்டலை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். அவர் கோபம் நியாயமானது. அந்தச் சட்டமும் தேவையானது. ஆனால் மந்திரம் கிடைக்காமல் பொருளை மட்டுமே கொண்டு வாழ்ந்த பெண்களுக்கு, அந்தப் பொருள் போனபின் என்ன என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஒரே மண்ணின் பெண்களான முத்துலட்சுமியையும் முத்துக்கண்ணம்மாளையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது. ஒருவருக்குத் திறந்த கல்லூரி வாசல் மற்றவர்களுக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்பதே நம் வேலை.

கோல் இதற்குள் வேறு கைக்குப் போய்விட்டிருந்தது. 1944இல் சென்னை அடையாறில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா திருக்குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. புதிய மேடை, புதிய மரியாதை. அங்கே மாத்திரைக்கோலைப் பிடித்து ஆடுவது கலைப்பணி. மூன்றாண்டுகள் கழித்து, அதே கோலைத் தலைமுறைகளாகப் பிடித்த பெண்களின் கோயில் மேடையைச் சட்டம் மூடியது. கோல் அதே கோல்தான். ஆடும் பெண்ணின் சாதிதான் மாறியது.

மேசை விளையாட்டில் 1978இன் விதி பின்னர் மாறிவிட்டது. விதிநூல் என்பது மனிதர் எழுதுவது, திருத்தலாம். நம் வரலாற்றின் விதிகளும் அப்படித்தான். பொருள் பெண்ணுக்கு வாசலைத் திறக்கும். ஆனால் அதை ஏந்தும் அனுமதி எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும். அதனால் முறமும் கோலும் பாத்திரமும் பெண்ணுக்குத் தந்த அதிகாரத்தைக் கொண்டாடும்போதே, அவளுக்கு மறுக்கப்பட்ட ஏட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 2022இல் முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோயில் பணி நின்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அந்தப் பாட்டும் அடவும் அவரிடமிருந்தன. மேடையை மூடியவர்களுக்கு அவர் உடலில் குடியிருந்த வித்தையை மூட முடியவில்லை.