ஒரு கலப்புத் துப்பாக்கியின் வம்சாவளி: காப்புரிமையும் எல்லைகளும் வடிவமைத்த நூறாண்டு

2019 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த ஷாட் கண்காட்சியில் டான் வெஸ்ஸன் நிறுவனம் டி.டபிள்யூ.எக்ஸ். என்னும் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. போட்டிகளுக்கும் பயிற்சிக் களங்களுக்கும் உரிய 9 மி.மீ. துப்பாக்கி அது. அதன் விசையமைப்பு அமெரிக்காவின் கோல்ட் 1911 மரபைச் சேர்ந்தது. குழல் பூட்டிக்கொள்ளும் முறையும் தோட்டாக்கூடும் செக் நாட்டின் சி.இசட். மரபைச் சேர்ந்தவை. இரு வேறு குடும்பங்களின் திருமணம் என்றே வணிக விளம்பரங்கள் இதைக் கொண்டாடின. வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டினால், மணமக்கள் இருவரும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் என்பது தெரியவரும். அவர்களைப் பிரித்து வைத்தது பொறியியல் அன்று. காப்புரிமைச் சட்டமும் பனிப்போரும்தான்.

அந்தப் பாட்டன் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் 1855இல் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் போரில் தன் .38 சுழல்துப்பாக்கிகள் போதிய வலுவுடையவை அல்ல என்று முடிவுக்கு வந்த அமெரிக்க இராணுவம் .45 விட்டமுள்ள தானியங்கிக் கைத்துப்பாக்கியைத் தேடியது. பிரௌனிங் வடிவமைத்துக் கோல்ட் நிறுவனம் தயாரித்த துப்பாக்கி 1911 மார்ச் 29 அன்று ஏற்கப்பட்டது; அந்த ஆண்டே அதன் பெயராயிற்று.

அதன் இயக்கம் எளிது. சுடும் கணத்தில் குழலின் மேற்பரப்பு வரம்புகள் மேலுறையின் உட்பள்ளங்களில் பொருந்தியிருக்க, இரண்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னோக்கி நகர்கின்றன. அதன்பின் குழலின் அடியிலுள்ள ஆடும் இணைப்பொன்று குழலின் பின்பகுதியைக் கீழே இழுத்து, பூட்டைத் திறக்கிறது. மேலுறை தொடர்ந்து பின்சென்று வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பும்போது புதிய தோட்டாவை ஏற்றுகிறது. விசை நேர்கோட்டில் பின்னோக்கி நகர்கிறது. அதன் பயணம் குறுகியது, ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையுடையது. நூறாண்டு கடந்தும் போட்டியாளர்கள் இந்த விசையை நாடுவதற்குக் காரணம் இதுவே.

முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு இராணுவம் கூடுதல் தோட்டாக்கள் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றைக் கேட்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக அப்பணியைத் தொடங்கிய பிரௌனிங்குக்கு ஒரு விசித்திரமான தடை எதிர்ப்பட்டது. 1911இன் காப்புரிமைகளைக் கோல்ட் நிறுவனத்திடம் விற்றிருந்ததால், தாம் கண்டுபிடித்தவற்றைத் தாமே பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை. தம்மையே சுற்றிக்கொண்டு போகும் மாற்றுவழிகளை அவர் வரைய வேண்டியிருந்தது. 1926இல் லியேஜ் நகரில் அவர் இறந்தபோது வடிவமைப்பு முற்றுப்பெறவில்லை.

அதை முடித்தவர் எஃப்.என். பொறியாளர் தியூதோனே சேவ். 1928இல் கோல்ட் காப்புரிமைகள் காலாவதியானதும் 1911இன் கூறுகளைத் தடையின்றிப் புகுத்தினார். தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடுக்கும் 13 தோட்டாக் கூடும், ஆடும் இணைப்புக்குப் பதிலாகக் குழலின் அடியிலேயே வெட்டப்பட்ட சாய்வான வழித்தடமும் இதன் சிறப்புகள். 1935இல் ‘ஹை பவர்’ என்னும் பெயரில் வெளிவந்த இதைப் பெல்ஜியம் ஏற்றது. தேடலைத் தொடங்கிய பிரான்சோ ஏற்கவில்லை. சார்லஸ் பெட்டர் வடிவமைத்த வேறொரு துப்பாக்கியைத் தேர்ந்தது. பெட்டரின் வடிவமைப்பு உரிமம் சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனத்துக்குச் சென்று, அங்கே பி210 ஆக வளர்ந்தது. அதில் மேலுறை சட்டகத்தின் வெளிப்புறத்தைத் தழுவாமல் உட்புறத் தடங்களில் ஓடியது.

இந்தியாவுக்கும் இக்கதையில் இடமுண்டு. ஜெர்மனி பெல்ஜியத்தைக் கைப்பற்றியபின் ஹை பவர் உற்பத்தி கனடாவுக்குப் பெயர்ந்தது; டொராண்டோவின் ஜான் இங்லிஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. அந்தக் கனடிய வடிவத்தின் வழிவந்ததே கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்த ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’. இந்தியப் படையினரின் இடுப்பில் தொங்கிய அத்துப்பாக்கி அதே பிரௌனிங் – சேவ் மரபின் கிளை.

மற்றொரு கிளை இரும்புத்திரைக்குப் பின்னால் வளர்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஹெர்ஸ்கி ப்ரோட் தொழிற்சாலைக்காகப் பிரான்டிஷெக் கௌட்ஸ்கி வடிவமைத்த சி.இசட். 75, பெயர் காட்டும் ஆண்டில் உலகின் பார்வைக்கு வந்தது. ஹை பவரின் சாய்வழிப் பூட்டும் இரட்டை வரிசைக் கூடும், பி210இன் உட்புறத் தடங்களும் இதில் ஒன்றுகூடின. பிரெஞ்சுத் தேடலில் தோற்றதும் வென்றதும், நாற்பதாண்டுக்குப் பின், பிரான்சுக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆலையில் ஒரே சட்டகத்துக்குள் சந்தித்தன. இவற்றுடன் இரட்டைச்செயல் விசையையும் கௌட்ஸ்கி சேர்த்தார்: முதல் சூட்டில் விசையே சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கும்; அடுத்த சூடுகளில் குறுகிய இழுப்பே போதும்.

இங்கே முரண் ஒன்று உண்டு. வார்சா ஒப்பந்த நாடுகள் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவைப் பயன்படுத்தவில்லை. அது எதிரணியின் தோட்டா. ஆகவே சி.இசட். 75 பிறப்பிலேயே ஏற்றுமதிப் பொருள். ஆனால் அரசு அதன் காப்புரிமைகளை இரகசியமாக வைத்தது. உள்நாட்டில் எவரும் படியெடுக்காமல் அந்த இரகசியம் காத்தது. வெளிநாட்டில் உரிமை கோரும் வழியையும் அதுவே அடைத்தது. விளைவாக இத்தாலியின் டன்ஃபோலியோ, சுவிட்சர்லாந்தின் ஸ்பிங்க்ஸ் முதலியவை தடையின்றித் தத்தம் வடிவங்களைச் செய்தன. இஸ்ரேலின் ஜெரிக்கோவும் அவ்வழி வந்ததே. அமெரிக்கச் சந்தையில் அசலைப் பார்ப்பது அரிதாயிருந்த காலத்தில் நகல்கள் எளிதாகப் புழங்கின. பிரௌனிங்கைக் காப்புரிமை தம் கண்டுபிடிப்பிலிருந்து விலக்கியது; கௌட்ஸ்கியின் நாட்டைக் காப்புரிமையின்மை அதன் பலனிலிருந்து விலக்கியது.

போர்க்கருவி போட்டிக்கருவியானது இதே காலத்தில்தான். 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில், ஜெஃப் கூப்பரைத் தலைவராகக் கொண்டு ஐ.பி.எஸ்.சி. என்னும் பன்னாட்டு அமைப்பு உருவானது. துல்லியம், ஆற்றல், வேகம் ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கும் மதிப்பீட்டு முறையில் ஒரு நொடியின் பின்னமும் கணக்கில் வரும். வலுமிக்க தோட்டாவுக்குக் கூடுதல் புள்ளி கிடைத்ததால் தொடக்கத்தில் 1911 கோலோச்சியது. ஆனால் அதன் ஒற்றை வரிசைக் கூட்டில் 7 தோட்டாக்களே அடங்கும். அடிக்கடி கூடு மாற்றுவது நேர இழப்பு. 1990களில் வர்ஜில் டிரிப், சாண்டி ஸ்ட்ரேயர் ஆகியோரின் முயற்சியால் எஸ்.டி.ஐ. நிறுவனத்தின் ‘2011’ வந்தது: 1911இன் விசை, இரட்டை வரிசைக் கூடு, பாலிமர் கைப்பிடி. முதல் சூட்டை இரட்டைச்செயலில் சுட வேண்டிய ‘புரொடக்‌ஷன்’ பிரிவில் சி.இசட். குடும்பம் வேரூன்றியது. விதிகள் மாறும்தோறும் உலோகமும் மாறியது.

டி.டபிள்யூ.எக்ஸ். இவ்விரு ஓட்டங்களின் சங்கமம். ஆடும் இணைப்பும் குழல்முனை வளையமும் நீங்கின. நேர்கோட்டில் நகரும் விசை நிலைத்தது. முதல் சூடு வேறு, மற்றவை வேறு என்ற சிக்கல் இல்லை. கூடுகள் சி.இசட். குடும்பத்தவை. இதைச் செய்த டான் வெஸ்ஸனுக்கும் தனி வரலாறு உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனர்களுள் ஒருவரின் கொள்ளுப்பேரன் 1968இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய நிறுவனம் அது. குழல் மாற்றத்தக்க சுழல்துப்பாக்கிகளால் பெயர்பெற்றது. பின்னர் 1911 வகைகளுக்குத் திரும்பி, 2005இல் சி.இசட்.டின் அமெரிக்கக் கிளையின் உடைமையானது. ஒரே கூரையின்கீழ் இரு மரபுகளும் வாழ்ந்தமையே கலப்பைச் சாத்தியமாக்கியது. 2021இல் சி.இசட். குழுமம் கோல்ட் நிறுவனத்தையே வாங்கியது. பிரௌனிங்கின் காப்புரிமைகளை ஒரு காலத்தில் பூட்டிவைத்திருந்த நிறுவனம், அவற்றின் வழிவந்த செக் நிறுவனத்தின் சொத்தாயிற்று.

இந்தியச் சூழலில் இத்தகைய துப்பாக்கி எளிதில் கைக்கு வராது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது; தனிநபர் வைத்திருக்க மைய அரசின் சிறப்பு அனுமதி தேவை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலுக்குரியது .22 விட்டத் துப்பாக்கி. ஆக, எந்த விளையாட்டு ஒரு நாட்டில் வேர்விடும் என்பதைக்கூட ஆயுத வகைப்பாடு முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது.

தொழில்நுட்ப வரலாற்றை மேதைகளின் வரிசையாக எழுதும் வழக்கம் நம் பாடநூல்களில் இன்னும் வலுவாக உள்ளது. இத்துப்பாக்கியின் வம்சாவளி அவ்வழக்கத்துக்கு எதிரான சான்று. சேவ் இல்லாமல் பிரௌனிங்கின் இறுதி வடிவம் முடிவுற்றிராது. காலாவதியான ஒரு காப்புரிமை இல்லாமல் சேவின் பணியும் இவ்வடிவம் பெற்றிராது. ‘கலப்பு’ என்று நாம் இன்று பெயரிடுவது பெரும்பாலும் முன்னொரு காலத்தில் சட்டத்தாலும் எல்லையாலும் பிரிக்கப்பட்டவற்றின் மறுசந்திப்பே. ஒரு பொருளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், ‘இதை யார் கண்டுபிடித்தார்’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இதைச் செய்யவிடாமல் யார் யாரைத் தடுத்தது எது’ என்றும் கேட்கட்டும். ஆவணக் காப்பகங்கள் அக்கேள்விக்கே அதிகம் விடை தருகின்றன.