பேரனின் பட்டியலும் 149 டாலர் சில்லும்



என் பேரன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். பொங்கல் காசு, பிறந்தநாள் காசு, அவன் அப்பா கொடுத்தது எல்லாம் சேர்த்துக் கையில் 50,000 ரூபாய். கேம் விளையாடச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் பொருத்த வேண்டுமாம். பட்டியலைக் காட்டினான். பாதிக்கு மேல் பிராசஸருக்கே போயிருந்தது. மீதியில் வண்ண விளக்கு எரியும் கேபினட். கிராபிக்ஸ் கார்டா? "அப்புறம் வாங்கிக்கலாம் தாத்தா" என்றான். அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதுகிறேன்.

நாம் பாகம் பாகமாக வாங்க முடிவதே ஒரு வரலாறுதான். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, பெரும்பாலும் வெளியார் பாகங்களைக் கொண்டே அதைச் செய்தது. உள்ளே இருக்கும் சுற்றுகளின் வரைபடத்தையும் கையேட்டில் அச்சிட்டு விற்றது. அடுத்த ஆண்டே காம்பேக் அதைப் போலவே இயங்கும் பெட்டியை அறிவித்தது. பிறகு யார் செய்த கார்டும் யார் செய்த போர்டிலும் உட்காரும் நிலை வந்தது. நம் சென்னை ரிச்சி தெருவுக்குப் பிழைப்பு தந்ததும் அதுதான்.

இனி 1998. அந்த ஏப்ரலில் இன்டெல், குறைந்த விலைக்கென்று செலரான் என்ற பிராசஸரைக் கொண்டுவந்தது. செலவைக் குறைக்க இரண்டாம் நிலை கேஷையே எடுத்துவிட்டார்கள். கேஷ் என்பது அடுப்புப் பக்கத்து அஞ்சறைப்பெட்டி மாதிரி. அது இல்லாவிட்டால் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் சாமான் அறைக்கு ஓட வேண்டும். அந்தச் செலரான் பெயரைக் கெடுத்துக்கொண்டது.

ஆகஸ்டில் 300ஏ என்ற செலரான் வந்தது. 128 கே.பி. கேஷ், சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில். விலை கூடிய பென்டியம் 2இல் 512 கே.பி. இருந்தது, ஆனால் பக்கத்தில் தனிச் சில்லுகளாக, பாதி வேகத்தில். அறிவித்த மொத்த விலை 300ஏவுக்கு 149 டாலர், 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2க்கு 669 டாலர்.

300ஏவின் பெருக்கல் எண் 4.5 என்று பூட்டியிருந்தார்கள். போர்டின் வேகம் 66.6, பெருக்கினால் 300. ஆனால் 440பி.எக்ஸ். வகைப் போர்டு 100இலும் ஓடும். 100ஐ 4.5ஆல் பெருக்குங்கள். (என்னிடம் படித்தவர்கள் விரல் விடக்கூடாது!) எல்லாச் சில்லும் தாங்கவில்லை, இன்டெல் பொறுப்பும் ஏற்காது. ஆனாலும் நிறைய சில்லுகள் 450இல் ஓடின, கேம்களில் அந்த 669 டாலர்காரனுக்கு ஏறக்குறைய ஈடாக.

1999இல் என் அக்கா மகன் இதே கணக்கைப் போட்டுத்தான் என்னை ரிச்சி தெருவுக்கு இழுத்துப்போனான். மிச்சமான பணத்தை 3டி கார்டில் போட்டான். காரணம் கேட்டேன். 1996இல் குவேக் விளையாட்டு வந்தபோது படம் முழுவதையும் பிராசஸரே வரைந்தது. 1997 தொடக்கத்தில் 3டி கார்டுக்கான பதிப்பு வந்ததும், வூடூ கார்டு வைத்திருந்தவர்களின் திரையே வேறாகிவிட்டது. சுமை பிராசஸரிடமிருந்து கார்டுக்கு மாறிவிட்டது, மாமா, காசும் அங்கேதான் போக வேண்டும் என்றான். 1999 கடைசியில் வந்த ஜிஃபோர்ஸ் 256 இன்னும் சில கணக்குகளைப் பிராசஸரிடமிருந்து வாங்கிக்கொண்டது.

அவ்வளவு விவரமானவன் பவர் சப்ளையில் கோட்டை விட்டான். கேபினட்டோடு வந்த மலிவுச் சரக்கே போதும் என்றான். ஆறாம் மாதம் ஒரு மழை நாளில் அது புகைந்தது. போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. அக்கா ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

பேரன் பட்டியலைத் திருத்திவிட்டான். பாதித் தொகை கார்டுக்கு, பிராசஸர் நடுத்தரம், நல்ல பவர் சப்ளை. விளக்குக் கேபினட் போயிற்று. ஒரே ஒரு விளக்கு ஃபேன் மட்டும் வேண்டும் என்று நேற்று இரவும் கெஞ்சினான். இன்னும் பதில் சொல்லவில்லை.