தடைக்காலம் பிறந்த கதை

சித்திரை பிறந்த மறுநாள் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஏறக்குறைய சித்திரையும் வைகாசியும் முழுவதுமாக, அவை அரசலாற்று முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது. ஆனி பிறந்ததும் கடல் திறக்கும். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா வரும்போது மீனவக் குடும்பங்களின் கையில் மறுபடி காசு புழங்கத் தொடங்கியிருக்கும்.

இந்தத் தடையை அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து எழுதியதென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கட்டுமரக்காரர்கள் கடலிலும் தெருவிலும் போராடிப் பெற்றது அது. இந்த வரலாறு மறந்துபோனதால்தான் இன்று அதை மீனவர் மேல் விழுந்த தண்டனையாகவே பேசுகிறோம்.

1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுகள் வந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்தது. இறால் கிடப்பது கரையை ஒட்டிய சேற்றுத் தரையில். இயந்திரப் படகுகள் இழுத்துப்போகும் இழுவலை அந்தத் தரையையே சுரண்டிக்கொண்டு போகும். இறாலோடு மீன்குஞ்சு, நண்டு, சினைமீன் எல்லாம் மடியில் ஏறிவிடும். கட்டுமரக்காரர் விரித்த வலையையும் அது அறுத்துக்கொண்டு போகும். 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கடலில் இரு தரப்புக்கும் இடையிலான மோதல் கைகலப்பு, படகு எரிப்பு வரை போனது. 1978-ல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்கள் தேசிய அளவில் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். அதுவே பின்னர் தேசிய மீனவர் பேரவை ஆனது.

போராட்டம் உச்சம் தொட்டது கேரளத்தில். மழைக்கால மாதங்களில் இழுவலையை நிறுத்து என்பதுதான் கோரிக்கை. தாமஸ் கோச்சேரி போன்ற பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் மீனவர்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். 1984-ல் கோழிக்கோட்டில் அருட்சகோதரி ஆலிஸ் உண்ணாவிரதம் இருந்தார். இதை ஆராய அரசு அமைத்த பாபு பால் குழு, கலாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று ஒன்று போய் ஒன்று வந்தது. 1988-ல்தான் கேரளத்தில் முதல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. படகு உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றமும் தடையின் பக்கம் நின்றது.

நம் கரைக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. தமிழகத்தில் 1983-லேயே கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியும் இருந்தது. ஆனால் கடலுக்கு ஓய்வு என்று ஒன்று 2001-ல்தான் வந்தது, ஏப்ரல் 15 முதல் 45 நாள். 2017-ல் அது 61 நாளாக நீண்டது.

காரைக்காலுக்கு இதில் தனி நியாயம் ஒன்று உண்டு. சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். புறப்பட்ட படகு சிறிது நேரத்திலேயே தமிழகக் கடலில் இருக்கும். மீனுக்கும் எல்லை தெரியாது. காரைக்கால் மட்டும் தனியே நாள் குறித்தால் அது காகிதத்தில்தான் நிற்கும். அதனால் புதுச்சேரி அரசின் அறிவிப்பு மண்டபத்தூர் முதல் வடக்கு வாஞ்சூர் வரைக்கும் தமிழகத்தின் தேதிகளையே சொல்கிறது. அதே அரசின் கீழுள்ள மாஹேவுக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அரபிக்கடலின் கணக்கு. கோப்பு ஒரே அலுவலகத்தில் இருந்தாலும் கடல் எதுவோ அதன்படி நாள் குறித்திருக்கிறார்கள். இது சரியான முடிவு.

தடைக்காலத்தில் துறைமுகம் சும்மா இருப்பதில்லை. மரப்படகின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைப்பார்கள். இரும்புப் படகில் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவார்கள். எஞ்சினைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். வலையில் மிதவையும் ஈயக்குண்டும் புதிதாகக் கோர்ப்பார்கள். இத்தனைக்கும் பெரும்பாலும் கடன்தான். கூலிக்குப் போகும் மீனவனுக்கு இந்த இரண்டு மாதம் அரசு நிவாரணத்தை நம்பியே ஓடும். கூடை சுமந்து திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் விற்கப் போகும் பெண்களுக்கு, தடையில்லாத சிறிய பைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனை ஏலத்தில் எடுக்கவே கட்டுப்படியாகாது. கடலின் ஓய்வுக்கு விலை கொடுப்பவர்களில் இவர்கள் முன்வரிசை.

ஆனாலும் நான் இந்தத் தடையின் பக்கம்தான். மன்னார் வளைகுடாவில் 1986-ல் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அது தேவையான வேலை. ஆனால் அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் தங்கள் கடலிலேயே அத்துமீறுபவர்களானார்கள். தடைக்காலம் அப்படி எந்த ஊரையும் நிரந்தரமாக வெளியே நிறுத்துவதில்லை. இடத்துக்குப் போடும் வேலியை இது காலத்துக்குப் போடுகிறது. நாட்டுப்படகுக்கு அந்த நாட்களிலும் வழி விடுகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் பல மீன்கள் ஆண்டு முழுக்க விட்டுவிட்டு முட்டையிடுபவை. 61 நாளில் எல்லாச் சினையும் தப்பிவிடாது. ஜூன் 15 அன்று அத்தனை படகும் ஒரே நேரத்தில் பாய்ந்தால், இரண்டு மாதம் வளர்ந்தது சில வாரத்தில் கரையேறிவிடும். மீதி 300 நாளில் வலைக்கண்ணி எத்தனை சிறிது, எஞ்சின் எத்தனை பெரிது என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைச் சண்டை இதே கரையில் ஊருக்கு ஊர் பகையாகியிருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும் அதை இடைக்காலமாக அனுமதித்தது. கடலோர ஊர்களின் மீனவப் பஞ்சாயத்துகள், எந்த வலை ஆகாது என்று தாமே கட்டுப்பாடு போட்டு நிறுத்திய வழக்கம் உள்ளவை. கண்ணி அளவையும் படகு எண்ணிக்கையையும் முடிவு செய்யும் மேஜையில் அவற்றுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் இருக்கை வேண்டும்.

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடல் திறந்த பிறகு சந்தையில் விரல் நீள வஞ்சிரக் குஞ்சு கூறு கட்டி வைத்திருந்தால், மலிவென்று வாங்காதீர்கள்.