கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு 'குக்கீ டோ டிப்' செய்யப் போறீங்களா? மைதா சேர்க்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

டிசம்பர் வந்துவிட்டால் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஒரே மாதிரி வீடியோக்கள் வரிசை கட்டும். பெரிய கிண்ணத்தில் ஒரு கேக் மிக்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவார்கள். அதன் மேல் தயிர், ஒரு டப்பா விப்ட் க்ரீம். கலக்கி, கலர் மிட்டாய் தூவி, பிஸ்கெட்டால் தொட்டுச் சாப்பிடுவார்கள். அடுப்பு வேண்டாம், 5 நிமிஷ வேலைதான்.

பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பாக்கெட்டில் இருப்பது வேகாத மைதா. அதை அப்படியே சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஏன்? மைதாவே இல்லாமல் அதே சுவையைக் கொண்டுவர முடியுமா? பார்க்கலாம்.

அது என்ன இனிப்பு டிப்?

நாம் பஜ்ஜியைச் சட்னியில் தொட்டுக்கொள்வது போல, பிஸ்கெட், ஆப்பிள் துண்டு, ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றைத் தொட்டுச் சாப்பிடும் கெட்டியான க்ரீம்தான் இது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் எடுத்துப் போகும் பழக்கம் இருப்பதால், சட்டென்று செய்ய முடிகிற டிப்புக்கு அங்கே தனி மவுசு.

இதில் 2 வகை ரொம்பப் பிரபலம். ஒன்று, மேலே சொன்ன கேக் மிக்ஸ் டிப். 1990-ல் அங்கே அறிமுகமான 'டன்கரூஸ்' என்ற குழந்தைகள் ஸ்நாக்ஸில் குட்டி பிஸ்கெட்டும், தொட்டுக்கொள்ள க்ரீமும் ஒரே பாக்கெட்டில் வரும். 2012-ல் அமெரிக்காவில் விற்பனை நின்றுபோனது, 2020-ல் திரும்ப வந்தது. அந்தச் சுவையை வீட்டிலேயே கொண்டுவரும் முயற்சிதான் இந்த டிப். இரண்டாவது, குக்கீ டோ டிப். சாக்லேட் சிப் குக்கீயைச் சுடுவதற்கு முன் பிசைந்து வைக்கும் மாவின் சுவையில் இருக்கும். அம்மா குக்கீ செய்யும்போது கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் மாவை வழித்துத் தின்ற சின்ன வயசு ஞாபகம்தான் அங்கே பலருக்கும் இதன் மேல் ஆசை வரக் காரணம்.

மைதாவில் என்ன ஆபத்து?

பச்சை முட்டையால் வயிற்றுக் கோளாறு வரும் என்பது பலருக்கும் தெரியும். மாவு மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் கோதுமை வெட்டவெளியில் விளைகிறது. பறவை, ஆடு மாடுகளின் எச்சம் மூலமாகக் கிருமிகள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளலாம். மில்லில் தவிடு நீக்கி, அரைத்து, சலிப்பதோடு சரி, கிருமியைக் கொல்லும் அளவுக்கு மாவு சூடாக்கப்படுவதில்லை. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உலர்ந்த மாவில் வளராது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

2009-ல் அமெரிக்காவில் கடையில் விற்ற குக்கீ மாவைச் சுடாமல் சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை தொற்று ஏற்பட்டது. 30 மாநிலங்களில் 70-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். முட்டை மேல்தான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் விசாரணை முடிவில் மாவின் மேல் சந்தேகம் திரும்பியது. 2016-ல் அந்தச் சந்தேகம் உறுதியானது. பாக்கெட் மாவிலிருந்தே ஈ.கோலை பரவி 24 மாநிலங்களில் 63 பேர் பாதிக்கப்பட, டன் கணக்கில் மாவு திரும்பப் பெறப்பட்டது. 2021-ல் கேக் மிக்ஸ். 12 மாநிலங்களில் 16 பேருக்குத் தொற்று, அவர்களில் பெரும்பாலானோர் 18 வயதுக்குட்பட்டவர்கள்.

எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். ஆனால் இந்த வகை ஈ.கோலை சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் அளவுக்குப் போகக்கூடியது. பார்ட்டியில் டிப் கிண்ணத்தைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் குழந்தைகள்தானே!

வறுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

'மைதாவை ஓவனில் 5 நிமிஷம் வைத்தால் போதும்', 'மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் சுற்றினால் போதும்' என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதை ஏற்கவில்லை. வீட்டில் சூடாக்குவதால் எல்லாக் கிருமிகளும் சாகும் என்று நம்ப முடியாது என்பதே அதன் நிலைப்பாடு. ஈரப்பதம் இல்லாத இடத்தில் பாக்டீரியா வெப்பத்தை அதிகம் தாங்கும். போதாக்குறைக்கு, தட்டில் பரப்பிய மாவு ஒரு பக்கம் கருகும், இன்னொரு பக்கம் சரியாகச் சூடே ஏறியிருக்காது. சுடாமல் சாப்பிடுவதற்கென்றே வரும் குக்கீ மாவில் ஆலையில் பிரத்யேகமாகச் சூடுபடுத்தப்பட்ட மாவைச் சேர்க்கிறார்கள். அது வேறு கதை.

மைதா இல்லாமல் செய்வது எப்படி?

உண்மையில் குக்கீ மாவின் ருசி மைதாவில் இல்லவே இல்லை. வெண்ணெய், பிரவுன் சுகர், வெனிலா, கொஞ்சம் உப்பு. இந்த நாலும் சேர்ந்தால் வருவதுதான் அந்தச் சுவை. அமெரிக்க வீடுகளில் பழைய முறையில் செய்யும் குக்கீ டோ டிப்பில் மைதாவே கிடையாது.

தேவையானவை: க்ரீம் சீஸ் 225 கிராம், வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 70 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், உப்பு 2 சிட்டிகை, சின்ன சாக்லேட் சிப்ஸ் முக்கால் கப்.

வெண்ணெயை அடி கனமான பாத்திரத்தில் உருக்கி, பிரவுன் சுகரைப் போட்டு, மிதமான தீயில் கிளறுங்கள். சர்க்கரை கரைந்து நுரைத்து வந்ததும் இறக்கி, உப்பும் வெனிலாவும் சேர்க்கவும். இப்போது அவசரப்படக் கூடாது. இந்தக் கலவை கை பொறுக்கும் சூட்டையும் தாண்டி முழுசாக ஆற வேண்டும். சூடாக ஊற்றினால் க்ரீம் சீஸ் தண்ணீராகிவிடும், சாக்லேட்டும் உருகி டிப் சேற்று நிறத்துக்கு வந்துவிடும். பலர் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு கிண்ணத்தில் க்ரீம் சீஸையும் பொடித்த சர்க்கரையையும் கட்டியில்லாமல் அடியுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே அடித்தால் கட்டி உடையாது, அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். பிறகு ஆறிய வெண்ணெய்க் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, கடைசியில் சாக்லேட் சிப்ஸ் தூவிக் கலக்கவும். 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பதமாக இறுகும்.

பிரவுன் சுகர் இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை போதும். அந்த லேசான வெல்லப்பாகு வாசம் இதற்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் தூசி இருந்தால், உருகியதும் ஒரு முறை வடிகட்டுங்கள். க்ரீம் சீஸ் விலை கையைக் கடித்தால், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வடியவிட்டுப் பயன்படுத்தலாம். கொஞ்சம் புளிப்பு தெரியும், அதனால் புளிக்காத தயிராகப் பாருங்கள். மாவு போன்ற திப்பித்தன்மை வேண்டும் என்கிறவர்கள் குக்கரில் குழைய வெந்த கொண்டைக்கடலையை நைஸாக அரைத்துச் சேர்க்கலாம். அமெரிக்காவிலும் இப்படிச் செய்கிறார்கள். தொட்டுக்கொள்ள அவர்கள் கிரகாம் கிராக்கர் வைப்பார்கள். நமக்கு மாரி பிஸ்கெட் இருக்கே!

முட்டை சேர்க்கும் டிப்?

எக்நாக், திராமிசு ஸ்டைல் டிப் செய்முறைகள் சிலவற்றில் பச்சை முட்டை வரும். தமிழ்நாட்டில் பச்சை முட்டையில் தயாரிக்கும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டு தடை விதித்தது நினைவிருக்கும். காரணம் இதே கிருமிப் பயம்தான். பாஸ்டரைஸ் செய்த முட்டை கிடைக்காவிட்டால் அந்தச் செய்முறையை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

பால் பொருட்கள் உள்ள டிப்பை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான். கூட்டம் நிறைந்த ஹாலில், பக்கத்தில் அடுப்பும் எரிந்தால், டிசம்பரிலும் அந்தச் சூடு வந்துவிடும். மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் வைக்காமல், சின்னச் சின்னக் கிண்ணமாக ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து வைப்பது நல்லது. கடித்த பிஸ்கெட்டையே திரும்பத் தொட்டால் வாயிலிருக்கும் பாக்டீரியா டிப்புக்குப் போவதை அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. தட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால் இந்தப் பிரச்னையே இல்லை.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

ஈ.கோலை தொற்றின் அறிகுறி உடனே தெரியாது. பெரும்பாலும் 3, 4 நாள் கழித்துத்தான் கடும் வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி வரும். மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்து முகம் வெளுத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக்கோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த வகைத் தொற்றில் அவை நிலைமையை மோசமாக்கலாம். 4 நாளைக்கு முன் பார்ட்டியில் என்ன சாப்பிட்டது என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.