பின்னுதைப்பும் மூங்கில் வாலும்: வானூர்திப் பீரங்கி வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

வெதுருகுப்பம் என்ற ஊர்ப்பெயரின் முதற்கூறான ‘வெதுரு’ தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். சங்கத் தமிழில் அதன் உறவுச்சொல் ‘வெதிர்’. சித்தூர் மாவட்டத்து இவ்வூருக்குக் கிழக்கே, திருப்பதி மாவட்டக் கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி தம் இறுதி நாட்களைக் கழித்து, 1782 டிசம்பரில் உயிர் துறந்ததும் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில்தான். அவருடைய படை மூங்கிலில் கட்டி எய்த வாணத்தையும் ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட்டையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. அந்த வாணத்துக்கு உரிய இடம் இன்னொரு வரலாற்றிலும் உண்டு. போர் விமானத்தில் பெரும்பீரங்கியை ஏற்ற முயன்ற வரலாறு அது.

அவ்வரலாற்றைக் குழல்விட்டம் வளர்ந்த கதையாக எழுதுவதே வழக்கம்: 37 மில்லிமீட்டர், 40, 57, 76 என்று ஏறிச் செல்லும் எண்களின் வரிசை. இந்த வரிசை எதையும் விளக்குவதில்லை என்பது என் வாதம். குண்டை எறியும்போது எழும் பின்னுதைப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஒரே கேள்விதான் வடிவமைப்பாளர்களை வழிநடத்தியது. அவர்களுடைய வெற்றியையும் தோல்வியையும் அந்தக் கேள்வியைக் கொண்டே அளக்க வேண்டும்.

மூன்று விடைகள்

தரையில் நிற்கும் பீரங்கியின் உதைப்பை மண் வாங்கிக்கொள்கிறது. கப்பலில் அதைக் கடல் வாங்கிக்கொள்கிறது. மரச்சட்டமும் துணியும் கொண்ட தொடக்ககால விமானத்துக்கு அப்படி ஒரு துணை இல்லை. ஆயினும் 1910ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே காப்ரியேல் வுவாசென் 37 மி.மீ. பீரங்கி பொருத்திய விமானத்தைக் காட்சிக்கு வைத்தார். முதல் உலகப் போரில் வுவாசென் விமானங்கள் அத்தகைய பீரங்கியுடன் பறந்தன. 1917இல் பிரெஞ்சு விமானி கினெமேர் ஓட்டிய ஸ்பாட் 12 விமானத்தில் 37 மி.மீ. குழல், சுழல்விசிறியின் பொள்ளலான அச்சு வழியே சுட்டது. ஒரு குண்டு சுட்டதும் விமானி கையால் அடுத்ததை இட வேண்டும். ஓட்டுமிடத்தில் புகை நிறையும். இவற்றிலெல்லாம் உதைப்பை விமானச் சட்டகமே தாங்கியது. இது முதல் விடை.

இரண்டாவது விடையைத் தந்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிளீலண்ட் டேவிஸ். அவருடைய பீரங்கிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாய்கள். முன்வாயில் குண்டு புறப்படும் அதே கணத்தில், அதே எடையுள்ள ஈயச் சன்னமும் மசகுக் கொழுப்பும் பின்வாயில் வெளியேறும். இரண்டு உந்தங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் சட்டகத்துக்கு உதைப்பு இல்லை. இதனால் 76 மி.மீ. வரை குழல்விட்டத்தை உயர்த்த முடிந்தது. ஆனால் சுமந்து செல்லும் எடையில் பாதி பகைவனை நோக்கிப் போவதில்லை. பின்னால் பாயும் சன்னம் சொந்த விமானத்தின் இறக்கையையும் வாலையும் தொடாதபடி பீரங்கியைச் சாய்த்துப் பொருத்தவும் வேண்டும்.

மூன்றாவது விடை 1916இல் பிரெஞ்சுக்காரரான இவ் லெ பிரியெர் வடிவமைத்த ராக்கெட். இறக்கைகளுக்கு இடையிலுள்ள தாங்குகட்டைகளில் குழாய்களைக் கட்டி, அவற்றிலிருந்து கரிமருந்து நிரப்பிய அட்டை உருளைகளைச் செலுத்தினார்கள். ஒவ்வோர் உருளைக்கும் நீண்ட மரக்குச்சியே வால். கண்காணிப்புப் பலூன்களை எரிக்க அவை பயன்பட்டன. நம் கோயில் திருவிழாக்களில் வாணம் விட்டவர் எவரும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும் வடிவம் இது.

பர்மாவில் ஒரு சோதனை

இந்த விடைகளை நம் மண்டலத்துப் போர்க்களத்தில் நிறுத்திப் பார்க்கலாம். 1943 முதல் இந்திய–பர்மா முனையில் பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 20ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் இரண்டு-டி வகை விமானங்களை ஓட்டியது. இறக்கைக்கு ஒன்றாக, கீழே இரண்டு விக்கர்ஸ் எஸ் பீரங்கிகள். குழல்விட்டம் 40 மி.மீ.; பீரங்கிக்கு 15 குண்டுகள். குறி பார்க்க இரண்டு சிறிய இயந்திரத் துப்பாக்கிகளும் உண்டு. பீரங்கிகள் அராக்கான் கடலோரத்திலும் ஆறுகளிலும் ஜப்பானியரின் சரக்குப் படகுகளைத் தகர்த்தன. 1945 பிப்ரவரி 19 அன்று, 20ஆம் இந்திய டிவிஷன் ஐராவதியைக் கடந்திருந்த மியின்மு பகுதிக்கு அருகே, மறைத்து வைத்திருந்த 13 டாங்கிகளை இந்த ஸ்குவாட்ரன் அழித்தது. ஐயத்துக்குரிய ஒரு குடிசையைச் சுட்டபோது கூரை பறந்து, உள்ளே நின்ற டாங்கி வெளிப்பட்டது என்ற செய்தி, பர்மா முனையின் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம்மின் நினைவு நூலால் புகழ்பெற்றது.

இங்கே எளிய கணக்கு ஒன்று தேவை. ஒரு குண்டின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 570 மீட்டர். இரு பீரங்கிகளும் ஒருமுறை சுட்டால் எழும் உந்தம் சுமார் 1,250 கிலோகிராம்-மீட்டர்/விநாடி. ஏறத்தாழ 3,600 கிலோ எடையுள்ள ஹரிக்கேனின் வேகத்தை இது மணிக்குச் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் மட்டுமே குறைக்கும். முப்பது குண்டுகளும் தீர்ந்தால் இழப்பு இருபது கிலோமீட்டருக்குள் அடங்கும். பீரங்கி சுட்டால் விமானம் வானத்தில் நின்றுவிடும் என்ற கதைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

உண்மையான இடர் உதைப்பு விழும் இடத்தில் இருந்தது. பீரங்கிகள் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே தொங்கியதால், ஒவ்வொரு சூட்டுக்கும் விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. விமானி அதை நிமிர்த்தி, மீண்டும் குறி பார்த்துத்தான் அடுத்ததைச் சுட வேண்டும். நிமிடத்துக்கு நூறு குண்டு சுடும் திறனுடைய பீரங்கி, நடைமுறையில் ஒவ்வொன்றாகக் குறிபார்த்துச் சுடும் கருவியானது. உதைப்பின் அளவோடு அதன் திசைக்கோடும் முக்கியம் என்பதை இது காட்டுகிறது. குழல்விட்டத்தை மட்டும் பட்டியலிடும் வரலாறு தவறவிடுவது இதைத்தான்.

வாணத்தின் தர்க்கம்

1943 முதல் பிரிட்டிஷ் விமானங்களின் இறக்கைக்கு அடியில் 3 அங்குல ராக்கெட்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் வெடிதலையும் 60 ராத்தல். ஹரிக்கேன் எட்டு வரை சுமந்தது. அதே 60 ராத்தல் குண்டை எறிய, தரைப்படைக்கு 5 அங்குலப் பீரங்கி வேண்டியிருந்தது. அந்தப் பீரங்கியின் எடை நான்கு டன்னுக்கு மேல். ஹரிக்கேன் விமானத்தைவிடவே அதிகம். அதை வானத்தில் ஏற்ற வழியே இல்லை. ராக்கெட்டோ அதே பளுவைச் சட்டகத்துக்கு ஏறக்குறைய உதைப்பே தராமல் அனுப்பியது. எதிர்விசையைத் தன் வாலிலிருந்து வெளியேறும் வாயுவிடமே அது ஒப்படைத்துவிடுகிறது.

மைசூர் வாணத்தின் அறிவு இதே அறிவுதான். இரும்புக் குழாய் கரிமருந்தின் அதிக அழுத்தத்தைத் தாங்கியது. மூங்கில் அதற்குத் திசைநிலை தந்தது. எடுத்துச் செல்ல ஓர் ஆளும், எய்ய ஒரு சரிவும் போதும். இழுக்கும் காளைகளும் பீரங்கி வண்டியும் வேண்டாம். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை இந்த வாணங்களை எதிர்கொண்டது. 2018இல் கர்நாடகத்தின் நகராவில் ஒரு பாழ்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக்குழாய்கள் கிடைத்தன. எத்தனை பெரிய அளவில் அவை உற்பத்தியாயின என்பதற்கு அது சான்று.

ஒரு வரம்பைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். மைசூர் வாணத்திலிருந்து, அதைப் பார்த்துப் பிரிட்டனில் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஆனால் 1943இன் ராக்கெட், பிரிட்டனின் விமான எதிர்ப்பு ஆய்வில் தனியே பிறந்தது. ஆகவே நான் சொல்வது வம்சாவழி ஆகாது. ஒரே நெருக்கடிக்கு ஒரே இயற்பியல் தந்த விடை. பாரமான ஏவுகருவியைச் சுமக்க முடியாத விரைந்த படை, எறிபொருளுக்குள்ளேயே உந்துவிசையை வைக்கிறது. ஹைதரின் குதிரைப்படைக்கும் ஹரிக்கேனுக்கும் அந்த நெருக்கடி பொது.

ஒரு மறுப்பும் விடையும்

ராக்கெட் இவ்வளவு சிறந்ததானால் 20ஆம் ஸ்குவாட்ரன் 1945இலும் பீரங்கியை ஏன் விடவில்லை என்று கேட்கலாம். வலிமையான மறுப்பு இது. குழலை விட்டு முழு வேகத்தில் வெளியேறும் குண்டு நேரே செல்கிறது. மெதுவாகப் புறப்பட்டு வழியில் வேகம் கூட்டும் ராக்கெட், புவியீர்ப்பாலும் விமானத்தின் பக்கச் சறுக்கலாலும் விலகுகிறது. டாங்கி போன்ற சிறிய இலக்கில் பீரங்கிக்கே குறி துல்லியம் அதிகம். வாணம் சிதறிப் பாய்வது மைசூர்க் காலத்திலும் அறிந்த குறையே. எனவே உதைப்பைத் தவிர்ப்பவர் துல்லியத்தை விலையாகத் தருகிறார். இந்தப் பண்டமாற்றே என் வாதத்துக்கு அடிப்படை.

இந்திய விமானப்படை பின்னர் இதற்கு ஒரு நடுவழியைக் கையாண்டது. 1971 டிசம்பர் 5 காலை, ஜெய்சல்மேரிலிருந்து எழுந்த ஹண்டர் விமானங்கள் லோங்கேவாலாவில் பாகிஸ்தானின் டி-59 டாங்கிகளை 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளாலும் ராக்கெட்டுகளாலும் தாக்கின. விமானத்துக்கு நான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடும். மொத்த உதைப்பு விக்கர்ஸ் பீரங்கியுடையதை விடப் பன்மடங்கு. ஆனால் அது சிறு சிறு அடிகளாகப் பிரிந்து, கனமான உலோக விமானத்தின் மூக்குக்குக் கீழே, நடுக்கோட்டை ஒட்டி விழுந்தது. குழல்விட்டம் 40இலிருந்து 30க்கு இறங்கியதைப் பின்னடைவு என்று எண்களின் வரிசை சொல்லும். உதைப்பைப் பங்கிட்டுக் கொடுத்ததில் அது முன்னேற்றம்.

முடிவுரை

மைசூர் வாணத்தை விண்வெளிப் பயணத்தின் மூதாதையாக மட்டும் போற்றும்போது, அது போர்க்கருவி என்பதையும், எடைக்கும் துல்லியத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுத்த பொறியியல் என்பதையும் மறந்துவிடுகிறோம். அதைச் செய்தவர்கள் இரும்பின் தாங்குதிறனையும் மூங்கிலின் நீளத்தையும் கைப்பழக்கத்தால் அளந்தவர்கள். வுவாசென், டேவிஸ், லெ பிரியெர் ஆகியோர் எதிர்கொண்ட கேள்வியை அவர்கள் தங்கள் களத்தில் முன்பே எதிர்கொண்டார்கள். படைக்கருவிகளின் வரலாற்றை எழுதும் நம் பல்கலைக்கழகங்கள் அந்தக் கைவினைஞர்களைப் பெருமிதப் பேச்சின் ஓரத்திலிருந்து எடுத்து, பின்னுதைப்பு என்ற பொதுக் கேள்வியின் நடுவே அமர்த்த வேண்டும். மூங்கிலின் பெயரைச் சுமக்கும் வெதுருகுப்பம் போன்ற ஊர்கள் நிறைந்த இந்த நிலத்திலிருந்து அப்பணி தொடங்குவது பொருத்தம்.